தொண்ணூறு வில்லைகள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அடுத்து வாய் திறக்கும், அதன் பிறகு அதை மூட ஆள் பிறக்கவில்லை. அக்கா எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்ததே அதனால்தான். அப்பேர்ப்பட்ட நான் இரண்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பொத்த வைத்தவளும் அவள்தான்.

நாங்கள் இரண்டு பேரும் திரைச்சீலை தைக்கிறவர்கள். ஓட்டல் அறைகள், அலுவலகங்கள், இரண்டு நாடக அரங்குகள். மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை, நடுவே ஆறு மீட்டர் மேசை. அக்கா வெட்டுவாள், நான் தைப்பேன். மூன்று முறை அளக்காமல் அவள் துணியில் கத்தரி வைத்ததில்லை. யாராவது போனில், "ஏறக்குறைய ரெண்டரை மீட்டர் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "ஏறக்குறைய அளந்தா ஏறக்குறையதாங்க மறைக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டு போனை வைத்துவிடுவாள். பாதி வாடிக்கையாளர்கள் அவளுக்குப் பயந்தே அளவு நாடாவோடு ஏணியில் ஏறினார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சினைப்பையில் கேன்சர் வந்தது. அறுத்து எடுத்தார்கள், ஆறு ரவுண்டு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது, மேசைக்குத் திரும்பிவிட்டாள். நாலு வருஷம் கழித்து மறுபடியும் வந்தது. "சொல்லாம கொள்ளாம வந்து உக்காந்துட்டான் பாரு, பல்லு தேய்க்கக்கூட விடல" என்றாள். அந்த முறைதான் அவள் எடை நாற்பது கிலோவுக்குக் கீழே இறங்கியது. நாற்பதுக்குக் கீழே போனால் மருந்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் தள்ளி வைத்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் எடுத்த ஸ்கேனில், ஈரலின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது. தள்ளி வைத்ததால்தான் வந்ததா என்று கேட்டோம். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர், இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தள்ளி வைத்தால் வளரும். அந்தப் புள்ளியையும் எப்படியோ கரைத்து, மறுபடி கத்தரியைப் பிடித்தாள். ஆனால் அந்த எண்ணம் மட்டும் அவளுக்குள் கரையவே இல்லை.

இந்த வருஷம் மூன்றாம் முறை. டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. "ஆறு ரவுண்டா? சரி, என்னிக்கு ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாள். நான்தான் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு ரவுண்டு. முதல் ரவுண்டன்று நாற்பத்தொன்றரை கிலோ இருந்தாள். இரண்டாவது ரவுண்டுக்கு முந்தின நாள், துணிக்கட்டு எடை போடுகிற எங்கள் மெஷினில் ஏறி நின்றாள். முப்பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் காட்டியது. இறங்கினாள், மறுபடி ஏறினாள். மெஷினுக்கு என்ன, அது இரண்டு முறையும் ஒன்றையே சொன்னது.

"பட்டாசு, அந்த டப்பாவை எடு" என்றாள்.

"எந்த டப்பா?"

"ஈய வில்லை டப்பா."

கனமான திரைச்சீலைகளின் கீழ்மடிப்புக்குள் வட்டமான ஈய வில்லைகளை வைத்துத் தைப்போம். துணி நேராகத் தொங்குவதற்கும், காற்றில் பறக்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி. ஒவ்வொன்றும் ஐம்பது கிராம். அக்கா தன் நீளப் பாவாடையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். மூன்று மீட்டர் சுற்றுள்ள பாவாடை அது.

"இதுல முப்பது வை. ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா பை மாதிரி தைச்சு வை, ஒண்ணோட ஒண்ணு மோதி சத்தம் வரக் கூடாது."

"உனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா?"

"கலங்கல. ஒன்றரை கிலோ. அவ்வளவுதான் வேணும்."

"அக்கா, ஆஸ்பத்திரியை ஏமாத்துறதா?"

"ஆஸ்பத்திரியை யாருடி ஏமாத்துறா? எனக்குள்ள உக்காந்திருக்கானே, அவனைத்தான் ஏமாத்துறேன். ஒரு வாரம் தள்ளி வச்சா அவன் ஒரு வாரம் தின்பான். போன தடவை பார்த்தியா இல்லையா?"

பார்த்தேன்தான். அந்த ஸ்கேன் படத்தை இப்போதும் கண்ணை மூடினால் வரைந்து காட்டுவேன். அதனால் தைத்தேன். வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி தைத்தேன். அவ்வளவு நேர்த்தியாக எந்த ஓட்டலுக்கும் தைத்துக் கொடுத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன், மாமாவிடம்கூட.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறார். சூதுவாது தெரியாத மனுஷர். ரவுண்டு நாளில் விடுப்புப் போட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். சிகிச்சை அறைக்கு வெளியே நடைவழியில் எடை மெஷின் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தராசம்மா. "செருப்பைக் கழட்டுங்க, பையைக் கீழ வைங்க, ஏறுங்க" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை. அக்கா ஏறினாள். நாற்பத்தொன்று நூறு. தராசம்மா எழுதிக்கொண்டார். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி நின்றார்.

"எடை நிக்குது பாத்தியா? போன தடவை மாதிரி இல்ல!" என்று என் தோளில் தட்டினார். அன்றிலிருந்து கண்டக்டர், டிப்போ வாட்ச்மேன், தினமும் முன் சீட்டில் உட்காரும் பயணி என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "நாப்பத்தொண்ணுலயே நிக்குதுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். வீட்டுக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு எழுதினார். அதன் பிறகு அந்தக் காலண்டருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தேன்.

மூன்றாவது ரவுண்டுக்கு ஐம்பத்தைந்து வில்லை. நான்காவதுக்கு எழுபது. பாவாடை கனக்கக் கனக்க அக்காவின் நடை மெதுவானது. நோயாளி மெதுவாக நடந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? "புயல் அடிச்சாலும் என் பாவாடை பறக்காதுடி" என்று சிரிப்பாள். நானும் சிரித்துத் தொலைப்பேன். ஒரு முட்டையை அரைமணி நேரம் மென்றுவிட்டு, கடைசியில் எழுந்து போய் வாந்தி எடுப்பாள். கேட்டால், "நாக்கு சரியில்ல, அவ்வளவுதான்" என்பாள்.

நான்காவது ரவுண்டன்று ஒரு காரியம் நடந்தது. சீட்டுகளைக் கொண்டுபோகிற ஊழியர் அன்றைக்கு வரவில்லை. தராசம்மா எடைச் சீட்டை என் கையில் கொடுத்து, மருந்து கலக்கும் அறை ஜன்னலில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். உள்ளேயிருந்த பெண் அதை வாங்கிப் பார்த்துக் கணக்குப்பொறியைத் தட்டினாள்.

"சீட்டு வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"எப்படிங்க முடியும்? எடையையும் உயரத்தையும் வச்சுத்தானே எவ்வளவு மருந்துன்னு முடிவு பண்றோம். அளவு தெரியாம கலக்க முடியுமா?"

அளவு. மூன்று முறை அளக்காமல் கத்தரி வைக்காத ஒருத்தியும் அவளோடு இருபது வருஷம் தைத்த இன்னொருத்தியும் சேர்ந்து, இருக்கிற அளவுகளிலேயே முக்கியமான அளவைப் பொய்யாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்கெல்லாம் ஏணி ஏறச் சொல்வோமாம்! அப்போதே ஜன்னலில் தலையை விட்டு, நிறுத்துங்கள், அந்தச் சீட்டு பொய் என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தள்ளி வைத்துவிடுவார்களே என்ற பயம் ஒரு பக்கம். திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த ரவுண்டுக்குப் பிறகு அவள் விரல்கள் மரத்துப்போயின. கத்தரியைப் பிடித்தாள், அது கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவள் எடுக்கவில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர் குடிக்கவே கண்ணில் தண்ணீர் வந்தது.

ஐந்தாவது ரவுண்டுக்கு இரண்டு நாள் முன்னால் மெஷினில் ஏறினாள். முப்பத்தாறு தொள்ளாயிரம்.

"தொண்ணூறு வை" என்றாள்.

"முடியாது."

"என்ன முடியாது?"

ஜன்னலில் கேட்டதை முழுக்கச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"ஒன்பது வருஷமா போய்ட்டு வர்றேன், இதுகூடத் தெரியாதா? கூடப் போனா போகட்டும். அவனும் சேர்ந்துதானே சாவான்."

"அவன் சாகிறதுக்குள்ள நீ செத்துடுவடி!" வாழ்நாளில் முதல் முறையாக அக்காவை டி போட்டேன். "டாக்டர்கிட்ட நீயே சொல்லு. இல்ல, நான் சொல்றேன்."

"இன்னும் ரெண்டே ரெண்டு ரவுண்டு. நீ வாயைத் திறந்தா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். தைக்கிறியா, நானே தைக்கட்டுமா?"

மரத்துப்போன விரலால் ஊசியை எடுத்தாள். நூல் கோக்கப் பார்த்தாள். எட்டு முறையோ ஒன்பது முறையோ பார்த்தாள். அதைப் பார்க்க முடியாமல் ஊசியைப் பிடுங்கி நானே தைத்துக் கொடுத்தேன். தொண்ணூறு வில்லை. மடிப்பு முழுக்க நிரம்பிவிட்டது, இனி ஒன்று வைக்க இடமில்லை. தைத்து முடித்தபோதே எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது, அவளிடம் சொல்லவில்லை.

ரவுண்டன்று நடைவழியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா வழக்கம்போல மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"செருப்பைக் கழட்டுங்க, பையைக் கீழ வைங்க, ஏறுங்க."

அக்கா ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கினாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரியை எடுத்து, பாவாடையின் கீழ்மடிப்பில் விட்டு, ஒரே இழுப்பில் அரை மீட்டர் தூரம் கிழித்தேன்.

"பட்டாசு!" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

வில்லைகள் கொட்டின. டைல்ஸ் தரையில் அவை எழுப்பிய சத்தம் இருக்கிறதே, நடைவழியில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் திரும்பிப் பார்த்தார்கள். சில பெஞ்சுக்கு அடியில் உருண்டன, ஒன்று தராசம்மாவின் ஷூவில் மோதி நின்றது. மாமா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார், பாவம், ஏதோ பொத்தான் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். கை நிறைய எடுத்த பிறகுதான் அதன் கனம் அவருக்கு உறைத்தது.

"என்னம்மா இது?" என்று என்னைக் கேட்டார். அக்காவைக் கேட்கவில்லை.

நான் மிச்ச மடிப்பையும் கிழித்துக்கொண்டிருந்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, கையே தடவித் தடவிக் கிழித்தது. அக்கா என் தலைமுடியைப் பிடித்துத் தள்ளினாள். அந்தக் கையில் ஒரு குழந்தையின் பலம்கூட இல்லை.

கடைசி வில்லையும் விழுந்த பிறகு தராசம்மா அவள் கையைப் பிடித்து மெஷினில் ஏற்றினார். முப்பத்தாறு எண்ணூறு. மாமா அந்த எண்ணைப் பார்த்தார், கையிலிருந்த வில்லைகளைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எடை அப்படியே நிற்கிறதே, சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று நம்பிவிட்டாராம். உண்மை தெரிந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுக்க ஆரம்பித்திருப்பார். மருந்தும் ஒவ்வொரு தடவையும் அந்த உடம்புக்குக் கூடுதலாகத்தான் போயிருக்கிறது.

"இன்னிக்கு மருந்து கிடையாது. டியூப் போடுவோம். உண்மையான நாப்பது கிலோ வரட்டும், அளவைத் திருத்தி மீதி ரெண்டையும் கொடுக்கிறேன்" என்றார்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டாள் அக்கா.

"நாலு வாரம். அஞ்சுகூட ஆகலாம்."

அவள் தலையை ஆட்டினாள். எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ அந்த வார்த்தையை நானே அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். வண்டியில் ஏறும்போது என் பக்கம் திரும்பாமலே மாமாவிடம், "அவளை வேற வண்டியில வரச் சொல்லுங்க" என்றாள்.

அன்று நின்ற பேச்சு நின்றதுதான். நானும் விடவில்லை. தினம் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டில் நிற்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பெரிய ஊசிக்குழாயில் உணவுத் திரவத்தை ஊற்றி, உயரப் பிடித்து, டியூப் வழியாக மெல்ல இறக்க வேண்டும். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். டியூப் இருக்கிற மூக்கு மட்டும் என் பக்கம் இருக்கும். "முகத்தைக் காட்டாட்டி போ, மூக்கைக் காட்டு, போதும்" என்பேன். இடையில் ஓடிப்போய் வேலையையும் பார்த்தேன். இப்போது வெட்டுவதும் நான்தான். முதல் வாரமே ஒரு அலுவலகத் திரையை மடிப்புக்கு இடம் விடாமல் வெட்டித் தொலைத்தேன். அது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் மாமா ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நடுங்கும் கையெழுத்தில் இருந்தது: "கீழே நாலு அங்குலம் விடணும். அவகிட்ட சொல்லுங்க."

"சொல்லிட்டேன்" என்றார் மாமா.

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

மாமாவுக்கு என் மேல் கோபம் இல்லை. பழைய காலண்டரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். வாரத்துக்கு ஒரு எண் எழுதினார். முப்பத்தேழு இருநூறு. முப்பத்தெட்டு. ஒரு வாரம் காய்ச்சல் வந்து இருநூறு கிராம் குறைந்தது, அதையும் எழுதினார். இப்போது டிப்போவில் யாராவது கேட்டால், "முப்பத்தெட்டுங்க, ஏறிக்கிட்டிருக்கு" என்று சொல்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பழைய பெருமை இல்லை, ஆனால் கேட்டவர்கள் நின்று கேட்டார்களாம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மறுபடி அதே நடைவழி. நான் ஒதுங்கித் தூண் பக்கத்தில் நின்றேன். தராசம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா செருப்பைக் கழற்றினாள். கண்ணாடியைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். கைக்கடிகாரம், மோதிரம், குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டர், எல்லாவற்றையும் கொடுத்தாள். பிறகு கையை விரித்துக்கொண்டு திரும்பி, நேராக என்னைப் பார்த்தாள்.

"வா, வந்து மடிப்பைத் தடவிப் பாரு."

முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"வேண்டாங்க்கா."

"பாருன்னா பாரு. எல்லாருக்கும் தெரியணும்."

குனிந்து பாவாடை ஓரம் முழுக்கத் தடவினேன். வெறும் துணி. அவள் ஏறினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. முப்பத்தொன்பது எண்ணூறு.

மாமா உதட்டைக் கடித்தார். இருநூறு கிராம், அந்த ஸ்வெட்டரே அவ்வளவு இருக்கும். தராசம்மா பேனாவை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "குளிருதே, ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை ஏறுங்களேன்" என்றார். அந்தம்மா வாயிலிருந்து வேறு வார்த்தையும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா மெஷினின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தள்ளி வைத்தால் வளரும் என்று ஐந்து வருஷமாக நம்பியவள். ஒரு ஸ்வெட்டர் தூரத்தில் மருந்து இருந்தது.

"வேண்டாம்மா. முப்பத்தொன்பது எண்ணூறுன்னே எழுதுங்க" என்றாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை என்றார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒரு வாரம். அக்கா எழுந்து வந்தாள்.

வெளியே வந்ததும் நான் உடைந்துவிட்டேன். "என்னாலதானேக்கா, எல்லாம் என்னாலதான்" என்று நடுத்தெருவில் அழுதேன். அவள் என் முழங்கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. பதினொரு மணிக்கு ஊத்தணும், மணி பத்தே முக்கால்."

"என்னை மன்னிச்சுட்டியாக்கா?"

"இல்ல" என்றாள். வண்டிக் கதவைத் திறந்து, உள்ளே தள்ளி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டாள். "அவ்வளவு பேர் முன்னாடி என் பாவாடையைக் கிழிச்ச. அதை உடனே மன்னிக்க முடியுமா? மெதுவா மன்னிக்கிறேன். நிறைய நாள் இருக்கு. ஏறு."